சுமந்து செல்லும் நிழல்



நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் இந்தப் பழமொழியின் பொருள் நம் பேராக் மாநிலத்துக் குடும்பங்களுக்கு நன்றாகவே விளங்கும். சோற்றுப் பானையும் கோழிக் குழம்பும் பாயும் தலையணையுமாகப் புறப்பட்டு, லுமுட் அருகேயுள்ள தெலுக் பாத்தேக் கடற்கரைக்கோ, தாப்பா பக்கத்து லாத்தா கிஞ்சாங் நீர்வீழ்ச்சிக்கோ போய்ச் சேர்கின்றோம். போன பிறகுதான், "உட்கார ஒரு நிழல் இல்லையே!" என்று தேடுகின்றோம். இருக்கின்ற மரத்தடிகளை நமக்கு முன் வந்தவர்கள் பிடித்திருப்பார்கள். அப்போதுதான், அடுத்த முறை ஒரு கூடாரம் வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்ற எண்ணம் பிறக்கின்றது.

ஈப்போ கடைத்தெருவில் இன்று கூடாரங்கள் பலவகையாகக் கிடைக்கின்றன. மடக்கி விரிப்பது, கயிறு கட்டி இழுப்பது, குடை போல் நிற்பது, வெறும் தார்ப்பாய் என்று அடுக்கி வைத்திருக்கின்றார்கள். எதை வாங்குவது? விலையைப் பார்த்து முடிவு செய்வதா? நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதா? இந்தக் கேள்விக்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கூடாரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தில் நம்முடைய பாட்டன் பாட்டியரின் வாழ்வும் கலந்திருக்கின்றது. துணி மாறியிருக்கின்றது, கம்பு மாறியிருக்கின்றது. நிழல் கட்டும் விதிகள் மட்டும் மாறவில்லை. அந்த விதிகளை மறந்த இடங்களில் மனித உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே இது விளையாட்டுச் சாமான் பற்றிய பேச்சு மட்டுமன்று.

பந்தலும் பாசறையும்

தமிழர் வாழ்வில் தற்காலிக நிழலுக்கு இரண்டு வடிவங்கள் தொன்றுதொட்டு இருந்து வந்துள்ளன. ஒன்று பந்தல், மற்றொன்று கூடாரம்.

பந்தலைப் 'பந்தர்' என்று சங்க நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆங்கிலேயர் நம்மிடமிருந்து இச்சொல்லை எடுத்துக்கொண்டு, 'பண்டால்' என்று தங்கள் அகராதியில் சேர்த்துக்கொண்டார்கள். பந்தலின் அமைப்பு மிக எளிது. மூங்கில் கால்கள் நட்டு, மேலே கழி பரப்பி, முடைந்த தென்னங்கீற்றை வேய்வார்கள். சுற்றுப்புறம் திறந்தே இருக்கும். இந்த எளிமைக்குள் நல்ல அறிவியல் இருக்கின்றது. சூடான காற்று மேலே எழும்பும் இயல்புடையது. பந்தல் உயரமாகவும் பக்கங்கள் திறந்தும் இருப்பதால், அந்தக் காற்று தங்காமல் வெளியேறி விடுகின்றது. கீற்றுகளுக்கு இடையில் சிறு சிறு காற்றிடைவெளிகள் உண்டு. ஆகையால் வெயிலின் சூடு தகரத்தில் இறங்குவதைப் போலக் கீற்றின் வழியே நம் தலைமீது இறங்குவதில்லை. வழிப்போக்கருக்குத் தாகம் தீர்க்கும் தண்ணீர்ப்பந்தலும், திருமணப் பந்தலும், திருவிழாப் பந்தலும் இந்த ஒரே முறையில் அமைந்தவையே.

கூடாரத்தின் கதை போர்க்களத்திலிருந்து வருகின்றது. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான முல்லைப்பாட்டு, நப்பூதனார் இயற்றியது. 103 அடிகள் மட்டுமே கொண்டது. போருக்குச் சென்ற அரசனின் பாசறையை அந்நூல் விரிவாகக் காட்டுகின்றது. காட்டை அழித்து இடம் செய்கின்றார்கள். சுற்றிலும் முள்வேலி அமைக்கின்றார்கள். தழைகளால் வேய்ந்த கூரைகள் தெருத்தெருவாக நிற்கின்றன. கால்களை நட்டு, கயிற்றை இழுத்துக் கட்டிய இருக்கைகளும் அங்கே உண்டு. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழர் கூடாரம் அடித்த முறையை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்!

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பந்தல் காலில் நிற்பது. கூடாரம் கயிற்றில் நிற்பது. பந்தலின் கால் மண்ணுக்குள் ஆழ ஊன்றியிருக்கும். கூடாரத்தின் கம்போ மண்மேல்தான் நிற்கும். அதை நிற்கச் செய்வது நாற்புறமும் இழுத்துக் கட்டிய கயிறு. இழுத்து விரிப்பது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தில் 'டெண்ட்' என்ற பெயர் பிறந்தது. கடையில் கூடாரம் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாடு நமக்குக் கைகொடுக்கும்.

கப்பல் தந்த தார்ப்பாய்

கடலில் பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில் பாய்க்கு உறுதியான துணி தேவைப்பட்டது. சணல் இனத்தைப் போன்ற நார்ச்செடி ஒன்றிலிருந்து முரட்டுத் துணி நெய்தார்கள். அந்தச் செடியின் பெயரிலிருந்தே 'கேன்வாஸ்' என்ற பெயர் வந்தது. தமிழில் கித்தான் என்றோம். நம் தோட்டத்துக் 'கித்தா' வேறு, இந்தக் 'கித்தான்' வேறு; குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னர் கித்தான் பருத்தியிலும் நெய்யப்பட்டது. கப்பலில் சரக்கு நனையாதிருக்க மாலுமிகள் இந்தத் துணிக்குத் தார் பூசினார்கள். அதுவே ஆங்கிலத்தில் 'டார்ப்பாலின்' ஆயிற்று. நம்மவர் அதைக் கேட்டு, தார் பூசிய பாய் என்று பொருள் விளங்கும்படி 'தார்ப்பாய்' என்று தமிழாக்கிவிட்டார்கள். ஓசையும் பொருந்தி, பொருளும் பொருந்திய அழகான பெயர் இது.

மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் பலருக்கு, கடலில் கிடைத்த நிழலும் இந்தக் கித்தான்தான். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்குக் கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் மேல்தட்டுப் பயணிகள். அவர்களுக்கு அறை கிடையாது. திறந்த தட்டில் பாய் விரித்துப் படுத்தார்கள். தலைக்குமேல் இழுத்துக் கட்டிய கித்தான் விரிப்பே கூரை. 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயர் நம் குடும்பங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னும் எத்தனையோ கப்பல்கள் வந்தன. பினாங்கில் இறங்கியவர்கள் ஜெரெஜாக் தீவின் தொற்றுத் தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்ட பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

தோட்டத்தின் கூரை

1877-ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு ரப்பர் கன்றுகள் வந்தன. அவற்றுள் சில நம் பேராக்கின் கோலகங்சாரில், அன்றைய ஆங்கிலேய ரெசிடெண்ட் ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. பேராக்கின் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன.

காடு அழிந்த புதிதில் தோட்டத்தில் நிழல் ஏது? கன்று வளர்ந்து தழைத்து நிழல் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை காண்டாவெயில்தான். முதலில் வந்தவர்களுக்குக் கட்டப்பட்ட குடிசைகள் பலவற்றுக்கு அத்தாப்புக் கூரை வேய்ந்திருந்தது. பேராக்கின் கரையோரச் சேற்று நிலங்களில் வளரும் நீப்பா ஓலையைக் கழியில் மடித்துத் தைத்துச் செய்வதே அத்தாப்பு. மலாய்க்காரர்கள் கற்றுக்கொடுத்த இந்தக் கூரை நம் தென்னங்கீற்றுக்கு உடன்பிறப்பு எனலாம். வெயிலுக்குக் குளிர்ச்சி, மழைக்கும் ஒழுகாது. ஆனால் தீக்கு அஞ்ச வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். பின்னர் லயங்களுக்குத் தகரக் கூரை வந்தது. அது நீடித்து உழைத்தது. நண்பகலில் அடுப்பாகவும் காய்ந்தது.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். துணியில் நீர் புகாமல் செய்யும் வித்தைக்கு ரப்பர்தான் வழிகாட்டியது. 1823-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டுச் சார்லஸ் மெக்கிண்டாஷ் என்பவர், ரப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, மழைக்கோட்டுத் துணி செய்து உரிமம் பெற்றார். அந்தத் துணி வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839-இல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்று கண்டார். உலகம் மழையில் நனையாமல் இருக்க இப்படி ரப்பர் உதவியது. அந்த ரப்பருக்குப் பால் எடுத்த நம்மவரோ மழையைக் கண்டு கலங்கினார்கள். மழை பெய்தால் மரம் நனையும். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் கூலியும் குறையும்.

தோட்டத்துக் கூரைக்கு மற்றொரு குணமும் இருந்தது. அது வேலையோடு ஒட்டிய கூரை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. தலைமேல் இருந்த நிழல் நம்முடையது அன்று என்ற உணர்வு தலைமுறை தலைமுறையாக நம் மக்களுக்கு இருந்தது.

கூரை இல்லாத முகாம்கள்

கூரையின் அருமையை நம் மக்கள் மிகக் கொடுமையாகக் கற்றுக்கொண்டது ஜப்பானியர் ஆட்சியில். 1942-இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதை போடத் தொடங்கினார்கள். மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர் என்பது மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள். சயாம் மரண இரயில் என்று நாம் இன்றும் வேதனையோடு சொல்வது இதைத்தான்.

அந்த முகாம்கள் பலவற்றில் மூங்கில் சட்டம் மட்டும் நின்றது. மேலே ஓலை இல்லை. சில இடங்களில் கிழிந்து ஒழுகும் கூடாரங்கள். 1943-இல் பருவமழை பிடித்துக்கொண்டது. மக்கள் சேற்றிலேயே படுத்தார்கள். கழிவுநீர் குடிநீரோடு கலந்தது. வாந்திபேதி பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் பாதை முடிந்தபோது, பல்லாயிரம் தமிழர்களின் உடல்கள் அந்தக் காட்டிலேயே புதைந்திருந்தன. பசியும் அடியும் நோயும் அவர்களைக் கொன்றன. தலைக்கு மேல் ஒரு நல்ல கூரையும், காலுக்குக் கீழ் காய்ந்த தரையும் இருந்திருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

கூடாரத்துக்கு இரண்டு கடமைகள் உண்டு என்பதை இந்தத் துயரம் நமக்குச் சொல்கின்றது. மேலே மழையையும் வெயிலையும் தடுப்பது ஒன்று. கீழே தரையைக் காய வைப்பது மற்றொன்று. பலர் மேலே மட்டும் பார்த்துவிட்டுக் கீழே பார்க்க மறந்துவிடுகின்றோம்.

சோற்றுப் பொட்டலம் வேலியைத் தாண்டிய நாள்

போர் முடிந்தும் நம் குடும்பங்கள் ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்து சோறு உண்ணும் காலம் உடனே வந்துவிடவில்லை. 1948 ஜூன் 16-ஆம் நாள், நம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1950-க்குப் பிறகு பல தோட்டங்களின் லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு, முள்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டன. காட்டிலிருந்த கொரில்லாக்களுக்கு உணவு போகாமல் தடுக்க, வெட்டுக்குப் போகும் ஆண்களையும் பெண்களையும் வாசலில் சோதனை செய்தார்கள். கட்டுப்பாட்டு வட்டாரங்களில் சோற்றைக் கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டுவதே குற்றமாயிற்று. இன்று நாம் சிரித்துப் பேசிக்கொண்டு செய்யும் ஒரு காரியத்துக்கு அன்று சிறைத்தண்டனை காத்திருந்தது. 1960 ஜூலை 31-இல்தான் அவசரகாலம் முடிவுக்கு வந்தது.

இதற்கிடையில் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு தொழிலாளியின் உரிமை என்று எழுதிவைத்தது. ஓய்வு நாள் இல்லாமல் உல்லாசப் பயணம் ஏது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி வீதம் தொழிலாளர்கள் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. சொந்தக் காசில் சொந்த நிழல் தேடும் எண்ணம் நம் மக்களிடையே இப்படி வேரூன்றியது.

திருவிழாக் காலங்களில் தோட்டத்துக் குடும்பங்கள் லாரி ஏறி ஈப்போவுக்கு வந்தன. புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ அடிவாரத்துக் கல்லுமலை முருகன் ஆலயம் வரை நீளும் தைப்பூச ஊர்வலத்தைக் காணும் கூட்டத்துக்கு, வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல்கள் நிழல் தந்தன. தை, மாசி மாதங்கள் பால்மரம் இலையுதிர்க்கும் காலமும் ஆகும். தோட்டத்திலேயே நிழல் குறைந்துவிடும் அந்த நாள்களில், ஒரு தார்ப்பாயும் நாலு கம்பும் பெரிய செல்வம்.

புதுத் துணிகள்

கித்தான் உறுதியானது, ஆனால் நனைந்தால் கனக்கும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இருபதாம் நூற்றாண்டின் இரசாயனம் இதற்கு மாற்றுக் கண்டது. 1933-இல் இங்கிலாந்தில் பாலிஎத்திலின் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைய நீல நிறத் தார்ப்பாய் அதிலிருந்து வருவதே. அதில் தாரும் இல்லை, பாயும் இல்லை. பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1935-இல் அமெரிக்காவில் நைலான், 1941-இல் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் ஆகியவை பிறந்தன. கூடாரத் துணிகள் எடை குறைந்தன. கத்தரிக்கோல் போல் மடங்கும் இரும்புச் சட்டங்கள் பின்னர் வந்தன. இன்று நம் கடைகளில் காணும் பத்தடிக்குப் பத்தடி மடக்குக் கூடாரம் அவ்வாறு உருவானது. இருவர் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தால் சில நிமிடங்களில் நின்றுவிடுகின்றது.

எதை வாங்குவது?

நேயர்களே, இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். வாங்குவதற்கு முன் நான்கு பொருள்களை எண்ணிப் பாருங்கள்: வெயில், மழை, காற்று, தீ.

முதலில் வெயில். நம் பேராக் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கின்றது. ஈப்போவில் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நம் கடிகாரத்தில் அது பன்னிரண்டு மணி அன்று. ஏறத்தாழ ஒன்றே கால் மணி. அப்போது நிழல் கூடாரத்துக்கு நேர் கீழே விழும். ஆனால் மாலை நாலே கால் அளவில் சூரியன் பாதி இறங்கிவிடும். அந்நேரத்தில் கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் நிழல் கிழக்கே நகர்ந்துவிடும். ஏழடி உயரத்தில் பத்தடி அகலக் கூரை என்றால், கூடாரத்துக்குள் எஞ்சும் நிழல் மூன்றடிதான். ஆகவே ஒரு பக்கத் திரையாவது உள்ள கூடாரமாகப் பார்த்து வாங்கி, அதை மேற்கே கட்டுங்கள். மற்றப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். நாற்புறமும் அடைத்துவிட்டால் பந்தலின் முதல் விதி கெட்டு, உள்ளே புழுங்கும். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் வெயிலும் தாராளமாகவே வரும்.

அடுத்தது மழை. தைப்பிங் தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த நகரம் என்பது நீங்கள் அறிந்ததே. கூரை சரிவாக இல்லாவிட்டால் நீர் தேங்கும். பத்தடிக்குப் பத்தடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை தேங்கினால், அதன் எடை தொண்ணூறு கிலோவுக்கு மேல். எந்த மெல்லிய சட்டம் அதைத் தாங்கும்? நடுப்பகுதி உயர்ந்து, நான்கு பக்கமும் இறங்கிய கூரையே நல்லது. வெறும் தார்ப்பாய் கட்டினாலும் ஒரு பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள். தையல் இடங்களில் உள்ளே பட்டை ஒட்டியிருக்கின்றதா என்றும் பாருங்கள். தரையில் விரிக்கத் தனியாக ஒரு தடித்த விரிப்பு கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது காற்று. மடக்குக் கூடாரம் காலில் நிற்பதால், அதைப் பந்தல் என்று எண்ணிக் கயிறு கட்டாமல் விட்டுவிடுகின்றோம். அதன் கால் மண்ணுக்குள் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. காற்றுக்கு அது ஒரு பாய்மரப் பாய். நம் மேற்குக் கடற்கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, 'சுமத்ரா' என்று பெயர் பெற்ற சூறைக்காற்று விடியற்காலையில் திடீரென்று வீசுவதுண்டு. நாலு மூலையிலும் கயிற்றைச் சாய்வாக இழுத்து முளையடித்துக் கட்டுங்கள். கடற்கரை மணலில் முளை நிற்காது. பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, அந்தப் பையைக் குழியில் புதையுங்கள், அது அசையாது.

நான்காவது தீ. 1997-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்கு வேள்விக்குப் போட்டிருந்த பந்தல் தீப்பிடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கீற்று எரியும், நைலானும் பாலியெஸ்டரும் உருகி எரிந்து உடம்பில் ஒட்டும். ஆகவே அடுப்பு, கேஸ் அடுப்பு, கொசுவர்த்தி எதுவும் கூடாரத்துக்குள் வேண்டாம். சமையலைக் காற்று அடித்துச் செல்லும் பக்கத்தில், கூடாரத்திலிருந்து விலகிய இடத்தில் வையுங்கள்.

இவற்றோடு, உங்கள் வாகனத்தையும் எண்ணிப் பாருங்கள். வேன் உள்ள பெரிய குடும்பத்துக்கு மடக்குக் கூடாரம் ஏற்றது. மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் போகின்றவர்களுக்கு இரும்புச் சட்டம் சுமை. நல்ல தார்ப்பாய் ஒன்று, இரண்டு கம்பு, நாற்பதடிக் கயிறு, எட்டு முளை ஆகியவையே போதும். விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. முல்லைப்பாட்டுப் பாசறையில் கண்ட கம்பும் கயிறும் இவைதாம்.

எங்கே கட்டுவது?

எவ்வளவு நல்ல கூடாரமாக இருந்தாலும் தவறான இடத்தில் கட்டினால் பயனில்லை. இதை நம் மண்ணிலேயே நடந்த மூன்று துயரங்கள் காட்டுகின்றன.

1973 அக்டோபரில் ஈப்போ குனோங் சீரோவில் சுண்ணாம்பு மலையின் ஒரு பெரும்பாளம் சரிந்து, அடியிலிருந்த நீண்ட வீட்டின்மீது விழுந்தது. ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 1996 ஆகஸ்ட் 29-ஆம் நாள் கம்பார் அருகே போஸ் டிப்பாங் பூர்வகுடிக் கிராமத்தில், மலையிலிருந்து நீரும் சேறும் மரங்களும் ஒன்றாகப் பாய்ந்து 44 பேரைக் கொண்டுபோயின. 2022 டிசம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில், சிலாங்கூர் பத்தாங் காலியில் முகாமிட்டு உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள்மீது மலைச்சரிவு இறங்கியது. குழந்தைகள் உட்பட 31 பேர் உயிரிழந்தனர். அவர்களும் நம்மைப் போல் விடுமுறைக்கு வந்தவர்களே.

ஆகையால் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு மலைகளின் அடியில் கூடாரம் அடிக்காதீர்கள். வெட்டிய மண்மேட்டின் கீழும் வேண்டாம். ஆற்றின் நடுத்திட்டும் மணல் ஓரமும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேல்மலையில் பெய்த மழை, இங்கே வெயில் காயும்போதே வெள்ளமாக வந்துவிடும். மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், கூடாரத்தையும் பானையையும் அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். பால்மரத்தின் கிளை காற்றில் எளிதில் முறியும் என்பது வெட்டுக்காட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்; பழைய மரத்தடியும் ஆகாது. இடி முழங்கினால் இரும்புக் கால் கூடாரத்துக்குள் நிற்க வேண்டாம். கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ போய்விடுங்கள். முகாம் நடத்துபவரிடம் உரிமம் உண்டா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

நேயர்களே, கப்பல் தட்டின் கித்தானும், லயத்துத் தகரமும், சயாம் காட்டின் வெறும் மூங்கில் சட்டமும் நம் முன்னோர் தாமாகத் தேர்ந்தெடுத்தவை அல்ல. பிறர் கொடுத்த கூரைக்குக் கீழே அவர்கள் வாழ்ந்தார்கள். தன் உழைப்பில் வாங்கிய நிழலைத் தனக்கு வேண்டிய இடத்தில் விரித்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ணும் உரிமை அவர்களுக்குப் பின் வந்த நமக்குக் கிடைத்திருக்கின்றது. கடையில் வாங்கியதும் கூடாரத்தை மூட்டையாகவே வைத்துவிடாதீர்கள். புறப்படுவதற்கு முந்திய வாரம் வீட்டு வாசலில் ஒருமுறை விரித்துக் கட்டிப் பாருங்கள். முளையடிப்பதையும் முடிச்சுப் போடுவதையும் பிள்ளைகளே செய்யட்டும்; தாத்தா பாட்டி இருந்தால், அன்று தோட்டத்துக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட முறையை அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் துணியை நன்றாகக் காயவைத்து மடியுங்கள். அடுத்த விடுமுறைக்கும் அது நிழல் தரும்.